வீணை நிற்கும் இடம்

“ஒரு சத்தம் தொலைஞ்சு போச்சுங்க” என்றார் சிவமலை.

சலோமி கேரட் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எப்ப?”

“பன்னெண்டு வருஷமாச்சு.”

“இப்பத்தான் தேட வந்தீங்களா?”

“பன்னெண்டு வருஷமாத் தேடிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

சலோமி ஒரு கேரட்டை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சிவமலை கையிலேயே வைத்துக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கேரட்டுக்காக அல்ல.

மூடுபனி தோட்டத்து வேலிவரை வந்து நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா இல்லையா என்பது அப்போதைக்குத் தெரியவில்லை.

*

சிவமலை ஒரு காதுக்காரர்.

அப்படி ஒரு கூட்டம் கோயம்புத்தூரில் இருந்தது. நாற்பத்தேழு பேர். வீட்டில் ஓர் அறையைப் பிடித்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தி, எதிரே அளந்து பார்த்து ஒரே ஒரு நாற்காலியைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர்கள். ஏன் ஒரே நாற்காலி என்றால், இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் சரிசமமாக வந்து சேருகிற இடம் ஓர் அறையில் ஒன்றுதான் உண்டு. அங்கே இரண்டு பேர் உட்கார வேண்டுமானால் ஒருவர் மடியில் ஒருவர்தான் உட்கார வேண்டும்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். பாட்டு முடிகிறவரை இருமக் கூடாது. காப்பி கொண்டுவருகிற வீட்டுக்காரம்மா கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். காப்பியில் ஆடை படிந்த பிறகு உள்ளே வரலாம்.

தங்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர்தான் காதுக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வைத்திருந்த பெயர் வேறு. அதை இங்கே சொன்னால் மரியாதையாக இருக்காது.

அவர்களில் யாருக்காவது தீராத சந்தேகம் வந்தால் கடைசியாகப் போகிற இடம் சலோமி வீடு. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஒருநாள் போதும் என்று எழுந்து வந்து மலைமேல் கேரட் போட்டுவிட்டார். நாற்பத்தொரு வயது. சிவமலையைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். வீட்டில் ஒரு ரேடியோகூடக் கிடையாது.

காதுக்காரர்களுக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. ஒன்றுமே வைத்துக்கொள்ளாமல் கேட்கிற ஆளிடம் எதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வது?

*

“என்ன சத்தம், அண்ணா?”

“எங்க கல்யாணத்துல ஒரு அம்மா வீணை வாசிச்சாங்க. பேர்கூடத் தெரியாதுங்க. பொண்ணு வீட்டுல கூட்டியாந்தவங்க. நீலாம்பரி ராகம். மச்சினன் அதைக் கேசட்டுல பதிஞ்சு குடுத்தான்.”

“ம்.”

“ஒன்பதாவது நிமிஷத்துல வீணை நிக்கும். நாலு செகண்டு ஒண்ணுமே இருக்காது. அந்த எடத்துல அந்தம்மா தன்னை மறந்து முனகுவாங்க. வாயைத் திறக்காம. மூக்காலயே சின்னதா ஒரு இழைப்பு. அதைத் தொட்டுக்கிட்டுத்தான் வீணை மறுபடி கிளம்பும்.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“ஒரு நாள் ரெண்டு நாளில்லீங்க. மில்லு லைன் வீட்டுல இருந்த இருபத்துநாலு வருஷமும் கேட்டிருக்கறேன். ஷிப்டு முடிஞ்சு வந்து, சின்ன டேப் ரெக்கார்டர்ல கேசட்டைப் போட்டுட்டுப் பாயில சாஞ்சுக்குவேன். கண்ணு சொருகும். பாதித் தூக்கத்துல அந்த முனகல் வரும். அன்னிக்குப் பூரா காதுல ஏறுன மெஷின் சத்தம் அத்தனையும் அப்படியே எறங்கிப் போயிரும்ங்க.”

சொல்லும்போதே சிவமலையின் கண் பாதி மூடியிருந்தது.

“அப்புறம்?”

“சொந்த வீடு கட்டினோம். மாடியில ரூம் போட்டேன். பெரிய செட்டு வாங்கினேன். மொத நாளே அந்தக் கேசட்டைத்தான் போட்டேன். வீணை நின்னுது. நாலு செகண்டு. ஒண்ணுமில்லீங்க. வீணை பாட்டுக்குக் கிளம்பிப் போயிருச்சு.”

அன்று தொடங்கியது. ஆம்ப்ளிஃபயரை மூன்று தடவை மாற்றினார். ஸ்பீக்கரை இரண்டு தடவை. கேபிளை எத்தனை தடவை என்று அவருக்கே நினைவில்லை. அறைக்கென்று தனி மின்கம்பி இழுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேசட்டில் புதிதாக ஏதாவது கேட்கத்தான் செய்தது.

“மண்டபத்துல யாரோ நாற்காலி இழுக்கறது கேக்குது. சமையல்காரர் கரண்டியைத் தட்டறது கேக்குது. தெருவுல ஒரு நாய் குரைக்குது, அதுகூடக் கேக்குதுங்க. அந்த முனகல் மட்டும் இல்லை.”

“இன்னும் தேடணுமா?”

சிவமலை கேரட்டைப் பார்த்தபடி சொன்னார்: “காது டாக்டர் போன மாசம் சொல்லிட்டார். எடது காது பாதிக்கு மேல போயிருச்சு. முப்பது வருஷ மில்லு. வலதும் ரொம்ப நாள் தாங்காதுங்கறார். போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுரணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க எனக்கு.”

அறுபத்துமூன்று வயதில் கேரட் தோட்டத்தில் நின்று அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

சலோமி கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சு?”

சிவமலை இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார்.

ஒரு காதுக்காரருக்கு இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. ஜால்ரா எங்கே, கடம் எங்கே, பாடுகிறவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினார் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் காட்டுகிற கூட்டம் அது. இருபத்துநாலு வருஷம் கேட்ட சத்தம், எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

“தெரிஞ்சதும் வாங்க, அண்ணா” என்றார் சலோமி. “கேரட்டைச் சாப்பிடுங்க.”

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சிவமலை வீட்டில்தான்.

அவர் கேள்வியைப் பொதுவில் வைத்தார்.

“இடது” என்றார் ரங்கபாஷ்யம். கேபிள் விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. “வீணைக்கு அரை அடி மேலே. என் வீட்ல சுத்தமாக் கேக்குது.”

“வலதுய்யா” என்றார் பல் டாக்டர் நஞ்சுண்டன். “கொஞ்சம் பின்தள்ளி. அந்தம்மா தலையைச் சாய்ச்சிருக்காங்க.”

“உங்க வலது ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கு. அதான் உங்களுக்கு எல்லாமே வலதாத் தெரியுது.”

“உமக்கு எல்லாமே அரை அடி மேலே தெரியறதுக்கு என்ன காரணமோ?”

அந்தக் கேசட்டின் நகல் நாற்பத்தேழு பேரிடமும் இருந்தது. அவர்களில் முப்பது பேருக்கு அந்த முனகல் கேட்டது. சிலருக்கு அதில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கேட்காத பதினேழு பேரும் தங்கள் செட்டை நொந்துகொண்டு மாற்றுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவமலை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். நாற்காலி, கரண்டி, நாய். வீணை நின்றது. நாலு செகண்டு. வீணை கிளம்பியது.

“கேட்டீங்கல்ல?” என்றார் ரங்கபாஷ்யம் ஆவலாக.

சிவமலை எழுந்து கதவுப் பக்கம் போனார்.

கதவைத் திறந்தபோது வெளியே ஸ்டூலின்மேல் காப்பித் தட்டு இருந்தது. ஆடை படிந்திருந்தது. வைத்துவிட்டுப் போன அவர் மனைவி மயிலாத்தாளைக் காணோம். அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மாடி அறை கட்டிய வருஷமே கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை மிக்ஸி போடமாட்டாள், குழாயை முழுசாகத் திறக்கமாட்டாள். எல்லாம் தானாகவே பழகிக்கொண்டது. நல்ல மனைவி என்று காதுக்காரர்கள் அத்தனை பேரும் பொறாமைப்பட்டார்கள்.

தொலைந்துபோன சத்தத்தைப் பற்றி நாற்பத்தேழு பேருக்குத் தெரியும். மயிலாத்தாளுக்குத் தெரியாது. மறைத்தார் என்று இல்லை. காது விஷயம் காதுக்காரர்களோடு என்று இருந்துவிட்டார்.

*

ஒரு பிற்பகல் நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

லைன் வீடு வந்தது. ஒரே அறை. சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது. கால்மாட்டில் சுவர் அலமாரி, அதில் டேப் ரெக்கார்டர். அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். முன்னால் இருந்த சல்லடை உடைந்து போய், மயிலாத்தாளின் பழைய ரவிக்கைத் துணி ஒன்றை ஒட்டியிருக்கிறது. பச்சைத் துணி. வீணை அந்தப் பச்சைக்குள்ளிருந்து வருகிறது. கால் வழியாக ஏறி, மெள்ள நெஞ்சுக்கு வருகிறது. நின்றுவிடுகிறது.

அந்த முனகல் வருகிறது. உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு வருகிறது.

சிவமலை துள்ளி எழுந்தார்.

“பின்னால! பின்னாலிருந்துங்க!” என்று ஆளில்லாத அறையில் கத்தினார்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சிவமலை காதுக்காரர். ஸ்பீக்கர் முன்னால், சத்தம் பின்னால். அப்படியானால் அது பின்சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம். நாம்தான் பின்சுவருக்குப் பஞ்சுப் பலகை அடித்து அதை விழுங்கவிட்டோம். வேறென்ன?

மூன்று நாள் ஏணிபோட்டுப் பலகைகளைப் பிடுங்கினார். உள்ளங்கையில் ஆணி கிழித்தது. பின்சுவர் வெறும் சிமெண்டாக நின்றது. லைன் வீட்டுச் சுவரின் தூரத்தை மனக்கணக்காகப் போட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

நாற்காலி, கரண்டி, நாய். நாலு செகண்டு.

ஒன்றுமில்லை.

*

“பின்னாலிருந்துங்க” என்றார் சிவமலை, மூச்சு வாங்க. “பின்சுவர் எதிரொலி. ஆனா எவ்வளவு தூரம்னுதான் பிடிபடலை. பன்னெண்டு அடியா, பத்தா?”

சலோமி வாசற்படியில் உட்கார்ந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். பனி இன்றைக்கு வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது. தோட்டத்தில் முதல் நாலு வரிசை மட்டும் தெரிந்தது.

“லைன் வீட்டுல உங்களுக்குப் பின்னால என்ன இருந்துச்சு?”

“செவுரு.”

“செவுருக்கு முன்னால?”

“ஒரே ரூம்தானுங்க. அதுலயே மூலையில சமையல். அடுப்பு.”

“அடுப்புக்கு முன்னால?”

“அடுப்புக்கு முன்னால என்ன இருக்கப் போவுது? ஒரு மணைப்பலகை...”

சிவமலை நிறுத்தினார்.

சலோமி ஒரு சொத்தை விதையை எடுத்துத் தூர எறிந்தார்.

பனி இரண்டு வரிசையை எடுத்துக்கொண்டது. மீதி இரண்டு. பிறகு அதுவும் இல்லை. சிவமலை நின்ற இடத்திலேயே நின்றார். தன் கையைப் பார்த்தார். ஆணி கிழித்த இடத்தில் மயிலாத்தாள் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தாள்.

“அப்ப அது கேசட்டுலயே இல்லீங்களா?”

சலோமி விதை பொறுக்கினார்.

*

பஸ் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கியது. சிவமலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வளைவிலோ நாலாவதிலோ அது நினைவுக்கு வந்தது. புது அறையில் முதல் நாள். புது நாற்காலி. கேசட் ஓடுகிறது. மயிலாத்தாள் காப்பி டம்ளரோடு உள்ளே வருகிறாள். வீணை நிற்கிறது. பின்னால் ஏதோ ஒரு சத்தம் கிளம்புகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலைத் தூக்கி, “ஷ்” என்கிறார்.

அவ்வளவுதான் நடந்தது.

பன்னிரண்டு வருஷம் அது அவருக்கு நினைவில் இல்லை. நினைவு வைத்துக்கொள்ளும்படி அதில் என்ன இருந்தது? பஸ்ஸில் இருபது பேர் இருந்தார்கள். சிவமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போனார். பஞ்சு வைத்த இரட்டைக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்க்கப் போட்டார். கேசட்டைப் போட்டார்.

வீணை முதல் தடவையாக அந்த அறையைவிட்டு வெளியே போய்ப் படியிறங்கியது. கூடத்தைக் கடந்து சமையலறைக்குள் போனது.

அங்கே குக்கர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. பாத்திரம் வைக்கிற சத்தமும் நின்றது.

ஒன்பதாவது நிமிஷம். வீணை நின்றது. சிவமலை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீடு முழுக்க ஓர் ஓசை இல்லை.

வீணை கிளம்பியது. சற்றைக்கெல்லாம் மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் கலவரம்.

“சத்தம் மேல வரைக்கும் கேட்டுருச்சுங்களா? குக்கரை எறக்கி வெச்சுட்டனுங்க.”

*

மூன்றாவது தடவை மலையேறினார்.

“யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. ஆனா வரமாட்டேங்குது.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேட்டேன். ‘நானா? நான் எங்கீங்க பாடினேன்?’ங்கறா. நெசமாவே தெரியலை அவளுக்கு. பாடுன்னு சொன்னா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. ரெண்டாந்தடவை சொன்னதுக்கு, உங்களுக்கு உடம்புக்கு ஆகலீங்களான்னு நெத்தியைத் தொட்டுப் பார்க்கறா.”

சலோமி சிரிக்கவில்லை.

“நான்தான் நிறுத்தினேன்” என்றார் சிவமலை. “ஒரு வெரலைத் தூக்கி நிறுத்திப்புட்டேன். திரும்ப வர வைக்கறதுக்கு எந்த வெரலைத் தூக்கறதுன்னு தெரியலீங்க. நீங்கதான் சொல்லணும்.”

சலோமி உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். ஒன்றை அவருக்குக் கொடுத்தார். மற்றதைப் படியில் வைத்துவிட்டு, உதட்டைக் குவித்து விசிலடித்தார்.

நாலைந்து சுரம் இருக்கும். அவ்வளவும் கோணல். காற்றுதான் பாதி வந்தது. இத்தனை வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவரா இப்படி அடிப்பது என்று சிவமலைக்குக் கூச்சமாக இருந்தது.

கீழே ஓடைப் பக்கம், பனிக்குள்ளிருந்து, அதே நாலைந்து சுரம் வந்தது. சுத்தமாக வந்தது.

சலோமி மறுபடி அடித்தார். முன்னைவிட மோசம்.

பனி அசைந்தது. கருநீலப் பறவை ஒன்று விருட்டென்று வந்து வேலிக்கம்பத்தில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து சலோமியைப் பார்த்தது. பிறகு முழுசாகப் பாடியது. அவசரமே இல்லாமல், அரைத்தூக்கத்தில் யாரோ நடந்துபோகிறபோது பாடுகிற மாதிரி, ஏறி, இறங்கி, எங்கேயோ நின்று யோசித்து, திரும்ப ஏறி. சிவமலை கையில் டம்ளர் இருப்பதையே மறந்துவிட்டார்.

பறவை போய்விட்டது.

“டீ ஆறுது, அண்ணா” என்றார் சலோமி.

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே.”

“தினம் இந்த நேரத்துக்கு இதுதான் நடக்குது. எனக்கு விசிலே வராது.”

சிவமலைக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற விஷயத்தைக் கொண்டுவந்து வைத்தால், குருவியைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுகிறார்! டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படியிறங்கினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

*

அந்த வாரமே பரணிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கினார்.

ஏன் இறக்கினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பெல்ட் இற்றுப் போயிருந்தது, புதிது போட்டார். ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பச்சைத் துணி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அதைத் தொடவில்லை.

மாடிக்குக் கொண்டுபோகாமல் சமையலறைக்குக் கொண்டுபோய், எதிர்ச்சுவர் அலமாரியில் வைத்தார். கீழே பாயைப் போட்டு, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

மயிலாத்தாள் மணைப்பலகையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

“இங்கீங்களா? இங்க ஒரே சத்தமா இருக்குமுங்களே.”

“இருக்கட்டும்.”

“குக்கர் விசில் வருமுங்க.”

“வரட்டும்.”

“கரண்டி கிரண்டி படுமுங்க.”

“படட்டும், மயிலு.”

மயிலாத்தாள் அரிவதை நிறுத்தினாள். அந்தப் பெயர் லைன் வீட்டோடு போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரியத் தொடங்கினாள்.

வீணை சாம்பல் துணிக்குள்ளிருந்து வந்தது. கல்யாண மண்டபம் இல்லை, நாற்காலி இல்லை, நாய் இல்லை. அந்தச் சின்ன டப்பாவுக்கு அவ்வளவு நுணுக்கம் போதாது. வீணை மட்டும்தான், அதுவும் கொஞ்சம் மூக்கடைப்போடு. அவரைக்காய் சரக் சரக்கென்றது. குக்கர் ஒரு விசில் அடித்தது. வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து பாயின் ஓரத்துக்கு வந்தது. சிவமலைக்குக் கண் சொருகியது.

ஒன்பதாவது நிமிஷம். வீணை நின்றது.

பின்னால் அரிவதும் நின்றது. அந்த இடத்தில் சத்தம் கூடாது என்று அவள் கைக்குத் தெரியும்.

முதல் செகண்டு. இரண்டாவது செகண்டு.

அதற்குமேல் சிவமலையால் தாங்க முடியவில்லை. அந்த நிசப்தத்தை அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கால், நினைவில் இருந்த மாதிரி அவரே முனகினார்.

அவருக்கு எந்தக் காலத்திலும் பாட்டு வந்ததில்லை. முனகல் கரகரவென்று கிளம்பி, ஏற வேண்டிய இடத்தில் வழுக்கி, பாதியில் செத்துப் போனது. வீணை அவரைக் கண்டுகொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது.

“அப்படி இல்லீங்க” என்றாள் மயிலாத்தாள்.

சிவமலை திரும்பவில்லை. திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும்போல் இருந்தது.

“அப்படித்தான்” என்றார்.

“இல்லீங்க. நீங்க கீழயே நின்னுட்டீங்க.”

அவர் கையை நீட்டிக் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். கீச்சென்று ஓடி நின்றது. திரும்பப் போட்டார். வீணை அந்த இடத்தை நோக்கி மெள்ள வந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி முனகத் தொண்டையைச் செருமினார்.

“அய்யோ, விடுங்க!”

அரிவாள்மணையை மடக்குகிற சத்தம் கேட்டது. மயிலாத்தாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள். இடது பக்கம்தான் பாயில் இடம் இருந்தது. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் வெறுந்தரையில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“ஏன் இந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம் உங்களுக்குக் கேக்காதில்லீங்க.”

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? மூணு வருஷமாச்சே.”

வீணை நின்றது.